நமக்கு நாமே இடும் ஆகார விதிகள்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் வாலிபர் பகுதியின் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைய கூட்டத்தில் பேசுவதற்கு எங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கப்பட்டது. மொழியைப் பற்றிப் பேசுவோமா, உத்தியோகத்தைப் பற்றிப் பேசுவோமா என்று பல நாள் ஆலோசித்தோம். ஈற்றில் ஆகாரத்தைப் பற்றிப் பேசுவதென்று தீர்மானித்த அன்று, நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் எங்களை மறித்து, "தம்பிமாரே, வயிறு நிறையாதவனுக்கு என்ன ஆகார விதி? முதலில் தட்டிலே சோறு விழட்டும். அப்புறம் விதி சொல்ல வாருங்கள்" என்றார்.

அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பேச்சைத் தொடங்க எங்களுக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னது உண்மை. 2016 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட குடித்தொகைச் சுகாதார ஆய்வு என்ன சொல்கிறது? ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறங்களில் மாத்திரம் நூற்றுக்கு 32 பேர். நாட்சம்பளம் 1,000 ரூபாயை எட்டியது 2021 ஆம் ஆண்டிலேதான். 1,350 ரூபாயானது 2024 இல். இடையிலே 2022 ஆம் ஆண்டு வந்தது. அரிசியும் மாவும் பருப்பும் என்ன விலைக்கு விற்றன என்பதை இங்குள்ள ஒருவருக்கும் நாங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை. சம்பளத்தால் தீர வேண்டிய பசியை விதியால் தீர்க்க முடியாது. அப்படித் தீர்க்கலாம் என்று யாரேனும் நமக்கு உபதேசம் செய்தால், அவரை நாம் நம்பக்கூடாது.

ஆனால், பெரியவரின் கேள்விக்கு எங்கள் வீட்டிலிருந்தே ஒரு பதில் கிடைத்தது. அதைச் சொல்வதற்கே இங்கு வந்திருக்கிறோம்.

எங்களுள் ஒருவரின் தாயார் இருபத்தாறு வருடமாகக் கொழுந்து எடுப்பவர். சென்ற வருடம் ஒரு நாள் மலையிலே கூடையோடு மயங்கிச் சரிந்தார். கிளினிக்கில் இரத்தம் சோதித்தார்கள். பெண் ஒருவருக்கு டெசிலீற்றருக்கு 12 கிராமாவது இருக்க வேண்டிய ஈமோகுளோபின் அவருக்கு எட்டரையாக இருந்தது. இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். அவரும் ஒரு நாள் விடாமல் குடித்து வந்தார். மூன்று மாதம் சென்று மீண்டும் சோதித்தபோது கணக்கு ஏறவேயில்லை. மருந்து சரியில்லை என்றார் ஒருவர். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் மற்றொருவர். குடும்ப நல மாது மாத்திரம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, குளிசையை எதோடு முழுங்குகிறீர்கள்?"

"தேத்தண்ணியோடுதான்."

அவ்வளவுதான் விஷயம்! தேயிலைச் சாயத்தில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் ரொட்டியிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உடம்பு எடுத்துக்கொள்ளும் இரும்பு பாதிக்கு மேல் குறைந்துவிடும் என்பது பல ஆராய்ச்சிகளில் கண்ட முடிவு. சாயம் எவ்வளவு கடுப்போ அவ்வளவு தடை. நம் வீடுகளில் கேத்தலில் தூளைப் போட்டு, அடுப்பிலேயே விட்டு, கறுக்கக் கறுக்கக் கொதிக்க வைக்கிறோம். உலகத்துக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுக்கும் கைகளிலே இரத்தம் இல்லாமற் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் கோப்பைக்குள்ளேயே இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அந்த அம்மா குளிசையைத் தண்ணீரோடு முழுங்கத் தொடங்கினார். தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைத்தார். கீரையில் தேசிக்காய் பிழிந்துகொண்டார். ஏனெனில் புளிப்புப் பழச்சாற்றில் உள்ள உயிர்ச்சத்து 'சி' இரும்பு சேர்வதற்குத் துணை செய்வது. நாலாம் மாதம் கணக்கு பத்தரைக்கு வந்தது. இதற்கு ஒரு சதமும் கூடுதலாகச் செலவாகவில்லை. தட்டிலே விழும் சோறு கூடவில்லை. விழுந்த சோறு வீணாகாமல் உடம்பிலே சேர்ந்தது. பெரியவர் அவர்களுக்கு எங்கள் பணிவான பதில் இதுவே: குறைவாக உள்ளவனுக்குத்தான் உள்ளதைக் காப்பாற்றும் விதி அதிகம் தேவை.

நிற்க. நாம் இப்படி உண்ணத் தொடங்கியது எப்போது, யாரால் என்பதையும் சற்றே பார்க்க வேண்டும். ரொட்டியும் சீனித் தேநீரும் நம் மூதாதையர் தென்னிந்தியாவிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்த ஆகாரமல்ல. அவர்கள் சோறும் கூழும் உண்ட மக்கள். இந்த மலைகளில் முதலில் விளைந்தது கோப்பி. 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 இல் கோப்பிச் செடியில் இலைநோய் தோன்றி, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பியையே அழித்துவிட்டது. அதன் பின்னரே மலைகளெல்லாம் தேயிலையாயின. அக்காலத்துத் தொழிலாளிக்குத் தோட்டத்தில் அளந்து கொடுத்தது அரிசி. அந்த அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்தது. 1942 இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் கப்பல் நின்றது, பங்கீடு வந்தது, அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. யுத்தம் முடிந்த பிறகும் மா நம் வீட்டை விட்டுப் போகவில்லை. இந்தத் தீவிலே விளையாத ஒரு தானியம் நம் இரண்டு நேரச் சாப்பாடாயிற்று.

அதன் விளைவு என்னவென்று 1973, 1974 ஆம் வருடங்களில் கண்டோம். உலகச் சந்தையிலே தானிய விலை ஏறியது. அரசாங்கம் மாவையும் அரிசியையும் குறைத்தது. தோட்டங்களிலே பட்டினியால் மக்கள் மடிந்தார்கள். அந்தக் காலத்தைக் கண்ட தாத்தாமார், அப்பாயிமார் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். வற்றாளைக் கிழங்கையும் காட்டுக் கீரையையும் அவித்துத் தின்று பிள்ளைகளைக் காப்பாற்றியதாக அவர்கள் சொல்ல நாங்கள் கேட்டிருக்கிறோம். 2022 இல் டொலரில்லாமலும் உக்ரேன் யுத்தத்தாலும் மா விலை ஏறியபோது அதே பாடத்தை இரண்டாம் முறை படித்தோம்.

காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பிள்ளைகளுக்கு ஆக்கி வைத்துவிட்டு, பிரட்டுக்களத்துக்கு ஓடும் தாய்க்கு ரொட்டியைப் போல் கைகொடுக்கும் உணவு வேறில்லை. மாவைப் பிசைந்து கல்லில் போட்டால் ஆயிற்று. துணியில் சுற்றினால் மலைக்குக் கொண்டு போகலாம். ஆகவே ரொட்டியை விடுங்கள் என்று சொல்லும் மடமை எங்களிடம் இல்லை. ரொட்டிக்குப் பக்கத்தில் எது இருக்கிறது, அதற்குப் பின்னால் எது தொண்டைக்குள் போகிறது என்பவற்றையே கேட்கிறோம்.

இனி எங்கள் சொந்தக் கதைக்கு வருவோம். பெருமைப்படத்தக்க கதையல்ல.

நாங்கள் ஐவர். எல்லோரும் தோட்டத்து லயன்களில் பிறந்து, மிஷன் பாடசாலைகளில் படித்து, இப்போது சர்வகலாசாலையில் இருப்பவர்கள். எங்களிற் சிலர் பாடசாலை விடுதியில் வளர்ந்தவர்கள். அங்கே மணி அடித்தால் எழுவோம்; மணி அடித்தால் ஜெபம்; மணி அடித்தால் சாப்பாடு. மேசையிலே எது வருகிறதோ அதைத் தின்போம். மீதம் வைத்தால் வார்டன் ஐயா பார்த்துக்கொண்டே நிற்பார். ஏழு வருடம் அப்படி ஒழுங்காக உண்டவர்கள் நாங்கள். சர்வகலாசாலைக்கு வந்த முதல் மாதத்திலேயே அந்த ஒழுங்கெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை! காலையில் ஒன்றுமில்லை, பத்து மணிக்குக் கன்ரீனில் பட்டிசும் ரோல்சும், பகலுக்கு ஒரு சோற்றுப் பார்சல், இரவு பதினொரு மணிக்குக் கொத்து. இடையிலே ஐந்தாறு தேநீர். ஒரு வருடத்தில் ஒருவன் பதினொரு கிலோ கூடினான். மற்றொருவனுக்கு இருபத்திரண்டு வயதிலேயே வயிற்றுப்புண். அப்போதுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. ஏழு வருடமாக எங்களிடம் இருந்தது ஒழுக்கமல்ல, மணி! பிறர் அடிக்கும் மணிக்கு எழுந்தவன், மணி நின்றதும் படுத்துவிடுகிறான்.

ஆகவே நாமே நமக்கு விதி செய்வோம் என்று ஐவரும் கூடி உட்கார்ந்தோம். ஓர் இரவில் பதினாலு விதிகள் எழுதினோம். சீனி கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது, மா கூடாது, இரவு ஏழுக்குப் பின் கூடாது, சோடா கூடாது என்று பதினாலில் பதின்மூன்று 'கூடாது' என்றே முடிந்தன. அழகாகத் தாளில் எழுதி அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டினோம். ஒன்பதாம் நாள் எங்களில் ஒருவனுக்குப் பிறந்த நாள். கேக் வந்தது. முதல் விதி போயிற்று. ஒன்று போனபின் மற்றவை எதற்கென்று அன்றிரவே பதினாலும் போயின. அந்தத் தாளின் பின்புறத்தில் பின்னர் கிரிக்கெட் ஓட்டக் கணக்கு எழுதினோம்.

இந்தத் தோல்வியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த காலத்திலே மகாத்மா காந்தியின் ஆகார விரதங்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. 1927 ஆம் ஆண்டில் இந்த இலங்கைக்கு வந்து போனவர் அவர். 1915 இல் ஹரித்துவாரத்துக் கும்பமேளாவிலே அவர் ஒரு விரதம் எடுத்தார்: ஒரு நாளில் ஐந்து பண்டங்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதேயில்லை. கவனியுங்கள், இரண்டே விதிகள். இரண்டையும் எண்ணிப் பார்க்கலாம். ஐந்தா ஆறா, பகலா இரவா என்பதிலே தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள இடமில்லை. எங்கள் பதினாலு விதிகளில் 'எண்ணெயைக் குறைத்தல்' என்று ஒன்று இருந்தது. எவ்வளவு குறைத்தால் குறைத்தல்? அது எங்களுக்கே தெரியாது.

அதே மகாத்மாவின் வாழ்க்கையில் மறுபுறமும் உண்டு. 1912 இல் தென்னாபிரிக்காவிலே பாலை விட்டவர் அவர். 1918 இல் கடும் வயிற்றுக்கடுப்பு வந்து சாகும் தறுவாய்க்குப் போனார். பால் குடித்தாலன்றி உடம்பு தேறாது என்றார் வைத்தியர். "உங்கள் விரதம் பசுப் பாலையும் எருமைப் பாலையும் பற்றியதுதானே, ஆட்டுப் பால் குடிக்கலாமே" என்ற பொருள்படக் கஸ்தூரிபாய் அம்மையார் வழி காட்டினார். அவரும் குடித்தார். விரதத்தின் எழுத்தைக் காத்து, அதன் உயிரை விட்டுவிட்டேன் என்று பின்னர் தம் சுயசரிதையில் வருந்தி எழுதினார். இதில் எங்கள் ஐவருக்குள்ளும் இன்றுவரை வாதம் தீரவில்லை. மகாத்மா தோற்றார் என்பது ஒருவன் கட்சி. எங்களில் மூவரின் எண்ணம் வேறு: உடம்பைக் காக்கப் பிறந்த விதி உடம்பைக் கொல்ல வந்தால், அம்மையாரின் புத்தியே பெரிய புத்தி. கர்ப்பிணித் தாய்மாரும் நீரிழிவுக்கு மருந்து எடுப்போரும் விரத நாள் என்று பட்டினி கிடப்பதைப் பார்க்கும்போது அந்த ஆட்டுப் பால் எங்கள் நினைவுக்கு வருகிறது.

விரதம் என்றதும் பெரியோர்கள் எங்களை ஒன்று கேட்கலாம்: நம் சமயத்தில் இல்லாத ஆகார விதியா? உண்டு. வெள்ளிக்கிழமை உண்டு, கந்தசஷ்டி உண்டு, கேதார கௌரி விரதம் உண்டு. திருக்குறளிலே 'மருந்து' என்னும் அதிகாரத்தில் பத்துக் குறளில் ஆறு, உண்ணும் அளவையும் பசித்து உண்பதையும் பற்றியே பேசுகின்றன. கார்த்திகை பிறந்தால் நம் வாலிபர்கள் மாலை போட்டு 41 நாள் சுத்தமாக இருக்கிறார்கள். புகையிலையும் மதுவும் அறியாத 41 நாள்! நாற்பத்திரண்டாம் நாள் என்ன நடக்கிறதென்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, இறைச்சிக்கடைக்காரர் சொல்வார். (சபையிலே சிரிப்பு.)

சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. 41 நாள் நம்மால் முடிகிறதென்றால் மனத்திடம் நம்மிடம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. திடம் இருக்கிறது, முடிவுத் தேதியும் இருக்கிறது, அதுதான் சங்கடம். இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் 96 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தி 2010 இல் வெளியிட்டார்கள். ஒரு சிறு பழக்கம் யோசனையின்றித் தானாகவே நடக்கும் நிலைக்கு வர எத்தனை நாள் செல்லும் என்று பார்த்தார்கள். நடுத்தரமாக 66 நாள் சென்றது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டார்கள். 41 இல் மாலையைக் கழற்றுகிற நாம் பாதி வழிக்குச் சற்று மேலே வந்து திரும்பிவிடுகிறோம். அந்த ஆராய்ச்சியில் மற்றொன்றும் கண்டார்கள்: இடையிலே ஒரு நாள் தவறிப்போனால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை. பிறந்த நாள் கேக்கோடு பதினாலு விதியையும் கிழித்தெறிந்த எங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இரண்டாம் முறை விதி செய்தபோது மூன்றே எழுதினோம்.

முதலாவது, மேலே சொன்ன தேநீர் விதி. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம். இதை 'கூடாது' என்று எழுதவில்லை. 'சாப்பிட்டு எழுந்தால் ஒரு கோப்பைச் சுடுதண்ணீர்' என்று எழுதினோம். இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன் என்று முன்னரே முடிச்சுப் போட்டு வைத்தால், அந்த வேளை வந்தவுடன் கை தானாகப் போகிறது. வெறுமனே 'செய்யேன்' என்று இருந்தால் மனம் அதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

விடுதியில் இது எளிதாக நடந்தது. மலையிலே நடக்குமா என்பதே கேள்வி. லீவுக்கு வந்தபோது தாய்மாரிடம் சொன்னோம். "தேத்தண்ணி இல்லாமல் காய்ந்த ரொட்டி தொண்டைக்குள் இறங்குமா? மழையிலே நனைந்து நிற்கிறவளுக்குப் பச்சைத் தண்ணியா கொடுப்பாய்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. சுடுபோத்தலிலே தேநீருக்குப் பதில் கொத்தமல்லித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். ரொட்டியோடு அது இறங்கியது. தேநீரைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்த பிறகு குடித்தார்கள். எல்லோரும் அல்ல, எங்கள் லயத்தில் நால்வர். அந்த நால்வரில் ஒருவரே இன்றுவரை விடாமல் செய்கிறார். ஏன் மற்றவர்கள் விட்டார்கள் என்று விசாரித்தபோது ஒரு அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னது எங்களைத் தலைகுனிய வைத்தது. மலையிலே ஒதுங்க இடமில்லை. ஆகவே பெண்கள் எதையும் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர் குடி என்று விதி சொல்ல வந்த எங்களுக்கு அந்தச் சங்கதி தெரிந்திருக்கவில்லை. தனி ஒருத்தி தனக்கு இட்டுக்கொள்ளும் விதியால் மலையிலே மலசலகூடம் வராது. அது நிர்வாகம் செய்ய வேண்டியது. அதைக் கேட்டு வாங்குவது சங்கங்கள் செய்ய வேண்டியது. நம் சங்கமும் அதில் சேர்த்தி.

இரண்டாவது விதி சீனியைப் பற்றியது. நம் வீட்டுக் கோப்பைக்கு இரண்டரைக் கரண்டி சீனி. நாளொன்றுக்கு நாலு கோப்பை என்றால் பத்துக் கரண்டி. ஏறக்குறைய 40 கிராம். சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு 25 கிராம், அதாவது ஆறு சிறு கரண்டிக்கு உட்பட்டிருப்பது நல்லதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015 இல் சொல்லியிருக்கிறது. நாங்கள் ஒரே நாளில் விடவில்லை. இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் இறக்கினோம். நாக்கு மெல்ல மெல்ல இணங்கியது. இப்போது ஐவரில் நால்வர் அரைக் கரண்டியோடு நிற்கிறோம். ஐந்தாமவன் இரண்டரையிலேயே இருக்கிறான். அவன் இந்தச் சபையில் இருப்பதால் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் சீனி விதிக்குப் பெரும் எதிரி நாக்கல்ல, விருந்தோம்பல். லயத்திலே எந்தக் காம்பிராவுக்குப் போனாலும் முதலில் வருவது தேநீர். சீனி தாராளமாகப் போட்டுக் கொடுப்பதுதான் மரியாதை. குறைத்தால் இல்லாமையைக் காட்டியதாகிவிடும். 'வேண்டாம்' என்றால், "படிக்கப் போன பிள்ளைக்கு நம் வீட்டுத் தேத்தண்ணி ஆகவில்லை" என்ற பேச்சு அடுத்த லயத்துக்குப் போய்விடும். ஒருவர் மனத்தைப் புண்படுத்திக் காக்கும் விதி நமக்கு வேண்டாம். இதற்கு அப்பாயி ஒருவர்தான் வழி சொன்னார். "வெறுஞ்சாயம் ஊற்றச் சொல்லு; சீனியை உள்ளங்கையில் வாங்கு; தொட்டுத் தொட்டுக் குடி. நாங்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் குடித்தோம்" என்றார். கையில் வாங்கிய சீனியில் பாதி பக்கத்திலிருக்கும் குழந்தையின் வாய்க்குப் போகிறது என்பது உண்மைதான். ஆனாலும் கொடுத்தவர் முகம் வாடவில்லை. நம் விதியும் உடையவில்லை.

கடைகளில் விற்கும் சோடாவைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 2016 ஆம் ஆண்டு முதல் குளிர்பானப் போத்தல்களிலே சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தால் காட்ட வேண்டுமென்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் நிறம் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அதைப் பழக்கிவிடுவோம்.

மூன்றாவது விதியை எங்களுக்காக எழுதவில்லை. எங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்காக எழுதினோம். லீவுக்கு வீட்டுக்கு வரும் மகனுக்குத் தாய் முட்டை பொரித்து வைக்கிறாள். கருவாட்டிலே நல்ல துண்டை எடுத்து வைக்கிறாள். அப்பாவுக்கு அடுத்தது. தம்பிக்கு அதற்கடுத்தது. தங்கச்சிக்கு இருந்தால் உண்டு. தாய்க்குச் சட்டியை வழித்த குழம்பும் ஆறிய ரொட்டியும். இருபது வருடமாக இதை அன்பு என்று எண்ணித் தின்றுகொண்டிருந்தோம். அன்புதான், சந்தேகமில்லை. அந்த அன்பின் கணக்குத்தான் கிளினிக் அட்டையில் எட்டரை என்று எழுதியிருந்தது. ஆகவே எங்கள் விதி இது: தாயின் தட்டிலே கறி விழுந்த பிறகே எங்கள் தட்டிலே கை வைப்போம்.

இதைப் போலக் கடினமான விதி வேறில்லை. சீனியை விடுவது இதற்கு முன்னே விளையாட்டு. முதல் நாள் தாயார் கோபித்தார். "எனக்குத் தெரியாதா எப்போது சாப்பிட? நீ தின்னு" என்றார். இரண்டாம் நாள் அழுதார். வீட்டிலே ஏதோ பிழை செய்துவிட்டோமோ என்று எங்களுக்கே தோன்றியது. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, அப்பாவே அகப்பையை எடுத்து அம்மாவின் தட்டிலே முதலில் போட்டார். அவர் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. வேறு வீடுகளிலே இது எப்படி நடக்குமென்று எங்களால் சொல்ல முடியாது. இந்த மண்டபத்தில் இருக்கும் தகப்பன்மார் ஒரு முறை அந்த அகப்பையை எடுத்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

இன்னும் ஒன்று. நுவரெலியாவில் விளையும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் நம் கண்ணெதிரே லொறியேறிக் கொழும்புக்குப் போகின்றன. நம் தட்டிலே பருப்பும் சம்பலும் இருக்கின்றன. விலை ஒரு காரணம். ஆனால் லயத்துக்குப் பின்னே உள்ள துண்டு நிலத்தில் சீமைக்கத்தரிக்காய்க் கொடி தானாகவே படர்கிறது. அதன் காயை மாத்திரமன்றி, நுனிக் கொழுந்தையும் சுண்டலாம். வல்லாரை ஓடையோரத்தில் கிடக்கிறது. மருந்து தெளித்த தேயிலை மலையிலே பறிக்காமல், வீட்டோரத்தில் வைத்துப் பறிக்க வேண்டும். தேயிலைக் கொழுந்தை நாள் முழுதும் பறிக்கும் கைக்குக் கீரைக் கொழுந்து பறிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக, நம் சங்கத்தைப் பற்றி. கூட்டம் கூடினால் நாம் கொடுப்பது என்ன? சீனி போட்டுக் கலந்த தேநீர், கிறீம் விசுக்கோத்து, கேக், சோடா. நீரிழிவுக்காரரான பெரியவர்கள் மறுக்கவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். இவ்வருடம் தலைவர் அவர்களிடமும் செயலாளர் அவர்களிடமும் விண்ணப்பித்து, அனுமதியும் பெற்றுவிட்டோம். இந்தப் பேச்சு முடிந்தவுடன் வெறுஞ்சாயம் வரும். சீனி தனித் தட்டிலே வரும். வேண்டியவர்கள் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ளத் தாளித்த கடலை உண்டு. பகல் பந்தி அதற்கு ஒரு மணி நேரம் கழித்தே தொடங்கும். முதற் பந்தியிலே தாய்மார்கள் உட்கார, வாலிபர் பகுதியினர் பரிமாறுவார்கள். பசியோடு வந்தவர்கள் எங்களைப் பொறுத்தருள வேண்டும். வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காய் போதாமற் போய்விட்டது. யாராவது வீட்டிலே இருந்தால் இப்போதே பின்வாசலிலே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.